நாற்காலி இல்லாத கூட்டம்

பல்கலைக்கழகப் பதிவாளர் அம்மா, கூட்ட அறையிலிருந்த நாற்காலிகளை எல்லாம் தூக்கச் சொல்லிவிட்டார். இனி வாராந்தரக் கூட்டம் நின்றபடிதான்.

"ஊழியர் ஆரோக்கியமாம்!" என்று டைப்பிஸ்ட் கணக்கரிடம் பொரிந்து தள்ளினாள். "அவங்களுக்கே முட்டி வலி. மேசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இதுல நம்ம காலையும் ஒடிக்கணுமா? அண்ணா, நீங்களாவது கேளுங்களேன்."

"கேட்டேம்மா. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாங்க."

"எதை?"

கணக்கர் தயங்கினார்.

"எனக்கு முதுகு வலிம்மா. என் மேசையில எழுந்து எழுந்து சமாளிச்சுடுவேன். கூட்டம் முடியிற வரைக்கும் உட்கார்ந்தா உயிர் போகுது. எல்லாரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் எப்படி நிக்கிறது? கூச்சத்துல, வேலையை விட்டுடறேன்னு அவங்ககிட்ட சொன்னேன். மறுநாளே நாற்காலியெல்லாம் போயிடுச்சு. எனக்காக அவங்க திட்டு வாங்குறதைத்தான் தாங்க முடியல."



அடுத்த கூட்டத்துக்குப் பதிவாளர் வந்தபோது, அறையில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது.

"யார் போட்டது இதை?"

"நான்தான் மேடம். நீங்க உட்காருங்க" என்றாள் டைப்பிஸ்ட். "நாங்க எல்லாரும் நிக்கிறோம். உடம்புக்கு நல்லதாமே!"