சவுக்குத் தோப்பில் மூன்றாம் நாள்

மின்ரயில் ஓட்டும் ஆதிரையின் மணிக்கட்டுப் பட்டை மூன்றாம் நாளே பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் மனம் அமைதியாகிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும்.

போன வாரம் அவள் ஓட்டிய ரயிலுக்கு முன்னால் ஒருவர் பாய்ந்துவிட்டார். மனம் தேறும்வரை கடலோரச் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து, மூச்சைக் கவனித்தபடி, கீழே கிடப்பதை வைத்து எதையாவது செய்யும்படி நிர்வாகம் அனுப்பியிருந்தது.

பக்கத்தில் களிமண் பிசைந்துகொண்டிருந்த சேவியரும் ஓட்டுநர்தான். அவர் பட்டை இரண்டு வாரமாகச் சிவப்பு.

"ஒரு பாட்டம் அழுதுடும்மா, இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்க விடுவாங்க. என்னைப் பாரு, இங்க நான்தான் சீனியர்."

"வர மாட்டேங்குதுண்ணே."

பயிற்சியாளர் தர்ஷிகா சிரித்துக்கொண்டே வந்தாள். "செம அக்கா! இந்த பேட்ச்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"எனக்கு எதுவுமே தோணலைம்மா. பசிகூட எடுக்கல. நாளைக்கு என்னால வண்டிய எடுக்க முடியாது."

"எதுவும் தோணாம இருக்கணும்னுதானேக்கா எல்லாரும் இங்க வராங்க?"

ஆதிரை அன்று சவுக்குக் குச்சிகளை நீளமாக இரண்டு வரிசையாக வைத்து, குறுக்கே சின்னக் குச்சிகளை அடுக்கியிருந்தாள்.

"ஏணியா? அழகா இருக்கு" என்றபடி பட்டையைக் கழற்ற வந்த தர்ஷிகா, அந்தக் குச்சிகளுக்கு நடுவே காலை வைத்தாள்.

ஆதிரையின் கை, அங்கே இல்லாத பிரேக்கைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தது. பட்டை பச்சையாகவே இருந்தது.