அச்சில் வராத தடம்

கார்த்திகையில் கோடியக்கரைக்கு நடக்க வருகிறவர்களுக்காக, விடிந்ததும் மணலில் கருவியிலிருந்து வெறும் ஒளியாலான உள்ளான் பறவைகளை விடுவார்கள். அவற்றுக்குத் தடம் விழாது. அதனால் ஆட்கள் வருமுன் குமுதவல்லி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நடந்து, மூன்று விரல் அச்சால் ஈரமணலில் உள்ளான் தடங்களைப் பதித்து வைப்பாள். பறவைகள் அவள் கால்களுக்குள் புகுந்து மேய்ந்துகொண்டிருக்கும்.

அன்றைக்குச் செருப்புக்கடியில் ஏதோ மெத்தென்று நொறுங்கியது. குனிந்து எடுத்தாள். உள்ளங்கையில் சூடு தெரிந்தது. எங்கிருந்து பறந்து வந்ததோ, விலகி ஓடக்கூடத் தெம்பில்லாமல் நின்றிருக்கிறது. அவள் பிறந்ததிலிருந்து இந்தக் கரைக்கு நிஜ உள்ளான் ஒன்றுகூட வந்ததில்லை. யாரும் பார்க்குமுன் மணலைத் தோண்டிப் புதைத்தாள்.

மதியம் மேற்பார்வையாளர் ஜபருல்லா கூப்பிட்டார்.

"வல்லி, அலையோரத்துலேருந்து கோணலா ஒரு வரிசை போட்டிருக்க பாரு, அதைத்தான் எல்லாரும் படம் எடுக்குறாங்க. நெசப் பறவை நடந்த மாதிரியே இருக்காம். நாளைக்கும் அப்படியே போட்டுடு."

அலையோரப் பக்கம் அவள் அச்சை வைத்ததே இல்லை. தலையாட்டினாள்.

மறுநாள் குமுதவல்லியால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. காலடியில் மேயும் பறவைகள் விலகட்டும் என்று அச்சைப் பிடித்தபடி நின்றாள். அவை விலகவே இல்லை.