ரெமியின் ஓட்டு

“நாளைக்கு இவளை ஃபிராங்ஃபர்ட் கூட்டிட்டுப் போய் ஓட்டுப் போட வச்சுட்டு, அப்படியே மனசுல இருக்கறதைச் சொல்லிடப் போறேன்டா” என்றான் பாரத், ரெமியின் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தபடி.

டார்ம்ஸ்டாட் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறை. ரெமி எதிரிலேயே உட்கார்ந்திருக்க, நண்பன் விஷாலிடம் தமிழில் எதையும் பேசலாம். ஊரை விட்டு வந்ததில் பாரத்துக்குக் கிடைத்த பெரிய வசதி அது.

எதிர் அறைக்கு அவள் குடிவந்து இரண்டு வாரம்தான். அதற்குள் அவன் தாய்லாந்து அரசியலைக் கரைத்துக் குடித்துவிட்டான். ஐந்து வருட ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே நாடாளுமன்றத் தேர்தல். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தூதரகத்தில் முன்கூட்டியே வாக்குப்பதிவு. பாவம், அரியர் வைத்த பேப்பருக்குக்கூட அவன் இப்படிப் படித்ததில்லை.

“ராணுவத்துக்கு எதிரா குத்திட்டு வெளிய வருவா. கண்ணு கலங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்துச் சொல்லணும்.”

“அவளுக்கு பாலிடிக்ஸ்ல இன்ட்ரஸ்ட் இருக்கா?” என்றான் விஷால்.

பாரத் ஆங்கிலத்துக்கு மாறி, ஓட்டுப் போடும் பழக்கம் உண்டா என்று அவளிடம் கேட்டான். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை என்றாள் ரெமி, எலும்பைக் கடித்தபடி.

“அஞ்சு வருஷமா அங்க எலெக்‌ஷனே நடக்கலையேடா” என்று இழுத்தான் விஷால்.

பாரத் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவன் கல்யாண மண்டபம் வரை போயிருந்தான். அம்மா ஒத்துக்கொள்வாளா என்று விஷால் கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது.

“அம்மாவுக்கு லாங்வேஜ்தான் பிராப்ளம். ஒரே வருஷத்துல இவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துடுவேன்.”

பிறகு அவள் பக்கம் திரும்பி, நாளை தாய்லாந்துத் தூதரகத்துக்குத் தானும் துணைக்கு வரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். ரெமி நிதானமாகக் கடைசி வாய்ச் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டாள்.

“போலாம், ஆனா உள்ள விட மாட்டாங்க. எனக்கு ஓட்டு மிசோரம்ல” என்றாள், சுத்தமான சென்னைத் தமிழில். “காலேஜ் நாலு வருஷம் வேளச்சேரிலதான். பிரியாணில உப்பு கொஞ்சம் கம்மி, அண்ணா.”