கூலி என்ற சொல்

மலாயாவில், ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த நிலத்தில் பெண்கள் மரவள்ளி நடுகிறார்கள். பிற்பகல் வெயில் ஈரமண்ணில் மினுங்குகிறது. ஜப்பானியர் வருமுன் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த தவமணியும் அவர்களில் ஒருத்தி. ஜப்பானியச் சிப்பாய்க்கு மொழிபெயர்க்க வந்த துபாசி பஞ்சலிங்கம் கைதட்டி, “ஏ கூலியள், இஞ்ச வாங்கோ!” என்று கத்துகிறார். தவமணி மண்வெட்டியை ஊன்றி நிமிர்கிறாள். “கூலி எண்டா வேலைக்குக் குடுக்கிற சம்பளம். எங்கட சொல்லை எடுத்து ஆளுக்குப் பெயராக்கினவன் வெள்ளைக்காரன். அவன் போயிட்டான், அவன்ர பிழை மட்டும் உங்களுக்கு ஏன்?” மண் கொத்தும் சத்தம் நின்றுபோகிறது. சிப்பாய் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, என்ன சொல்கிறாள் என்று பஞ்சலிங்கத்திடம் கேட்கிறான். “பேசாம இருங்க டீச்சர்,” என்று பக்கத்தில் நிற்கும் சிட்டாள் என்ற தோட்டத்துப் பெண் அவள் முழங்கையைப் பற்றுகிறாள். தவமணி தலை தாழ்த்தவில்லை. பஞ்சலிங்கம் சிப்பாய் பக்கம் திரும்புகிறார். வெள்ளைக்காரன் போனது நல்லது என்கிறாள், என்று ஜப்பானிய மொழியில் சொல்கிறார். சிப்பாய் சிரித்துத் தலையாட்டுகிறான். பஞ்சலிங்கம் பெண்கள் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, “அம்மாமார், வாங்கோ,” என்கிறார். முதலில் நடப்பவள் சிட்டாள்தான். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு அழைக்கப்பட்டவளைப் போல நடக்கிறாள்.