மாயக்காவின் முதுகில் ஒரு மாதம்

அல்லி என்ற இளம் உண்ணிக்கொக்குக்கு, மாயக்கா என்ற எருமையிடம் ஒரு மாதம் உண்ணி பொறுக்கும் வேலை பழக இடம் கிடைத்தது. மாயக்காவின் முன்கோபம் அந்த வட்டாரமே அறிந்தது.

"பழகிட்டு, மாசம் முடிஞ்சதும் ஓடி வந்துடு" என்று கூட்டத்துக் கொக்குகள் சொல்லி அனுப்பின. அல்லியும் அந்த நினைப்போடுதான் முதுகில் ஏறினாள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், மாயக்காவின் காதோரம் கொழுத்த உண்ணி ஒன்றைக் கண்டு ஆசையாகக் கொத்தினாள். குறி தப்பி, மயிருக்குள் மறைந்திருந்த புண்ணில் அலகு இறங்கியது. மாயக்கா அலறித் துள்ளிய துள்ளலில் அல்லி சேற்றில் போய் விழுந்தாள்.

இத்தோடு வேலை போயிற்று என்று நினைத்து, வரப்பில் ஏறித் தலைகுனிந்து நின்றாள். மாயக்கா மெல்ல நடந்து அருகே வந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா, தெரியாம..."

"உனக்கு எப்படித் தெரியும்? அங்க புண் இருக்குன்னு நான்தானே முதல்லயே சொல்லியிருக்கணும். அடி ஏதும் பட்டுச்சா?"

அல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடி எதுவும் படலக்கா" என்றாள்.

"அப்போ ஏறு. அந்த உண்ணி இன்னும் கடிக்குது" என்றாள் மாயக்கா.

மாதக் கடைசியில், முதுகில் நின்றவளிடம் மாயக்கா கேட்டாள்: "இங்கேயே இருந்துடுறியா? வேற இடம் பிடிச்சிருந்தாலும் தயங்காமச் சொல்லு."

"நாளைக்கு எந்தப் பக்கம் மேயப் போறோம், அக்கா?"

மாயக்கா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை உஸ்ஸென்று விட்டாள். அல்லியின் காலடியில் அந்தப் பெரிய முதுகு ஓர் அங்குலம் இறங்கியது.