மூன்று கீறல்கள்

"பையைக் கொஞ்சம் திறங்கம்மா."

கேட்டவள் பயிற்சி கொடுக்கும் பெண். பொதுமக்களுக்கு அகழாய்வு பழக்கும் முகாம் அது. அவள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மண்ணில் கிடைக்கும் எதுவும் வெளியே போகக் கூடாது. போனால், கூடவே அவள் வேலையும் போகும்.

அந்த அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாராவாரம் வருகிறவள். மற்றவர்கள் குழியில் இறங்கிப் பானை ஓடு தேட, இவள் மட்டும் சலித்துக் கொட்டிய கழிவு மண்ணையே கிளறிக்கொண்டிருப்பாள்.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் தொப்பி போட்ட ஒருவர். "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தாங்க!"

"விட்டுடு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கு வேலை போயிடும்மா."

பையிலிருந்து வந்தது பானை ஓடு இல்லை. சுவரிலிருந்து பெயர்ந்த மண்பூச்சு, ஒரு சாண் நீளம். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கீறல்கள்.

சத்தம் கேட்டு வந்த மேலதிகாரிக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"எல்லாரும் இங்க வாங்க! எழுத்து பிறக்கறதுக்கு முன்னாடி போட்ட குறியா இருக்கலாம். எந்தக் கை கீறிச்சு, எதுக்காகக் கீறிச்சு? அது மட்டும் தெரிஞ்சா போதும், நான் பிறவி எடுத்த பலன் கிடைச்சுடும்!"

ஆளாளுக்குக் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள்.

"நான்தான் சார் கீறினேன்."

அந்த அம்மா தலை நிமிரவில்லை.

"தோண்டணும்னு எங்களைக் காலி பண்ணச் சொன்னீங்களே, இங்கதான் எங்க வீடு இருந்துச்சு. பையன் எவ்வளவு வளந்திருக்கான்னு பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் சுவரோரம் நிக்க வெச்சு, ஆணியால கீறுவேன். மூணாவது கோடு போட்ட வருஷமே காய்ச்சல்ல போயிட்டான்."

கைபேசிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. தொப்பிக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

மேல்மண்ணில் வரும் சுவர்த்துண்டையெல்லாம் கழிவோடு கொட்டச் சொன்னது தான்தான் என்பது பயிற்சிப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலதிகாரியின் முகம் தொங்கிப்போனது.

"சே, இவ்வளவுதானா? இதுல ஒண்ணும் இல்ல. வெறும் குப்பை. தூக்கிப் போடும்மா."

பயிற்சிப் பெண்ணுக்குக் கை வரவில்லை. "சார், அவங்க சொன்னதைக் கேட்டீங்கல்ல..." என்று இழுத்தாள்.

அதற்குள் அந்த அம்மா முன்னால் வந்து, மேலதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். குப்பைன்னு உங்க வாயால சொல்லிட்டீங்க. அப்ப இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்ல?"