தோலின் மறுபக்கம்

லெம் பாக்ஸ் இரண்டாவது கறித்துண்டை வாயில் வைத்தபோது, ஷெரிஃப் தாக்ஸ்டர் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் ஊர்க்காரர்கள் பத்துப் பேர். அவர் மறுபடி நிற்கும் ஷெரிஃப் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

“என் பண்ணை மாட்டையே அடிச்சுத் தின்கிறியாடா?” ஷெரிஃப் தோளில் கிடந்த கயிற்றைத் தட்டினார். “மாடு திருடினா தூக்குதான்னு வயோமிங்குல பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

வேலியில் காய்ந்த தோலை ஒருவர் தூக்கி வந்து மேஜைமேல் போட்டார். அதில் சிலுவைச் சூட்டுக்குறி பளிச்சென்று இருந்தது. கர்த்தர் பெயரைச் சொல்லி வோட்டுக் கேட்கும் ஷெரிஃபின் பண்ணைக்குறி அது.

“பாத்தீங்களா மக்களே! தோலை ஒளிச்சு வைக்கக்கூட இவனுக்கு மூளை இல்ல.” கயிற்றில் சுருக்குப் போட்டார்.

லெம் வாயிலிருந்த கறியை விழுங்கினான். “அதைத் திருப்பிப் பாருங்க.”

“திருப்பினா? மாடு எந்திரிச்சு நிக்குமா?”

கூட்டம் சிரித்தது. தூக்கி வந்தவர் திருப்பினார். உள்பக்கம் நெடுக்காக ஒரே ஒரு கோடு. அது லெம்மின் குறி.

“கன்னுக்குட்டியில நான் போட்ட சூடுதான் உள்ள வரைக்கும் இறங்கும்,” என்றான் லெம். “அதைச் சிலுவையாக்கின குறுக்குக் கோடு போன மாசம் யாரோ இழுத்தது.”

பத்துப் பேரும் ஷெரிஃபைப் பார்த்தார்கள். பிறகு கயிற்றைப் பார்த்தார்கள்.

ஷெரிஃப் சுருக்கை அவசரமாக அவிழ்த்தார். “அட, உன் சம்சாரம் துணி காயப்போடக் கயிறு கேட்டுச்சே லெம், அதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே, ஷெரிஃப்.”